பிரம்லியின் நாற்று

நான் வேலை செய்வது ஒரு வெதுப்பகத் தொழிற்சாலையில். மாவோட்டுக்குள் சீனி சேர்த்த அப்பிளை வைத்துச் சுட்டெடுத்து ஆங்கிலேயர் 'பை' என்று அழைக்கும் பண்டமே அங்கு பிரதான உற்பத்தி. இயந்திரம் தோலைச் சீவி, நடுவைக் குடைந்து அனுப்பும் அப்பிள்கள் வார்ப்பட்டியில் எங்களை நோக்கி வரும். இயந்திரம் தவறவிட்ட தோலையும், அடிபட்டுக் கறுத்த இடங்களையும் சிறு கத்தியால் நீக்குவது எங்கள் வரிசையில் நிற்கும் எட்டுப் பேரின் வேலை. ஒரு காலத்தில் நான் வரலாற்றுத்துறை விரிவுரையாளனாக இருந்தவன் என்பது அங்கே எவருக்கும் தேவையற்ற தகவல். சட்டையில் குத்தியிருக்கும் அட்டையில் என் பெயர்கூட முழுமையாக இல்லை. மேற்பார்வையாளரின் நாக்குக்கு வசதியாக முதலிரண்டு எழுத்துக்களோடு நின்றுவிட்டது.

அப்பிள்கள் வந்திறங்கும் பெரிய பெட்டிகளின் ஒட்டுத்தாள்களில் 'பிரம்லி' என்று அச்சிட்டிருக்கும். ஓர் இரவு வேலையின்போது பக்கத்தில் நின்ற போலந்து நாட்டுப் பெண் "யார் இந்த பிரம்லி?" என்று என்னிடம் கேட்டார். தெரியாது என்றேன். தெரியாது என்று சொல்ல வெட்கமாகவும் இருந்தது. ஆண்டுக் கணக்காக நாளுக்கு ஆயிரமாயிரமாக என் கைகளால் கடந்து போகும் ஒரு பொருளின் வரலாற்றை நான் ஒருநாளும் கேட்டதில்லை. அந்தக் கேள்வியே இக்கட்டுரையின் தொடக்கம்.

புகலிடத்தில் நாம் நடத்தும் விவாதங்களில் பாதி, 'இதை யார் தொடங்கியது?' என்பதைப் பற்றியவை. எந்த இயக்கத்தை, எந்தச் சஞ்சிகையை, எந்த வாசகர் வட்டத்தை யார் தொடங்கினார், யாருடைய பெயர் விடுபட்டது என்று நாம் ஆண்டுக் கணக்காக எழுதிவருகிறோம். இந்த அப்பிளின் கதை அவ்விவாதங்களுக்கு ஏதேனும் வெளிச்சம் தரும் என்று நினைப்பதாலேயே இதனை இச்சஞ்சிகைக்கு எழுதத் துணிந்தேன்.

1

இங்கிலாந்தின் நொட்டிங்ஹாம்ஷயரில் சவுத்வெல் என்றொரு சிறு பட்டினம் உண்டு. பழமையான பேராலயம் ஒன்றைச் சுற்றி அமைந்த ஊர். அங்கே ஒரு வீட்டில் மேரி ஆன் பிறெயில்ஸ்போட் என்ற சிறுமி சில அப்பிள் விதைகளை ஊன்றினாள். ஆண்டு 1809 என்பது பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட கணிப்பு. சில வருடங்கள் பிந்தியது என்று கூறுவோரும் உளர். அவ்விதைகளில் ஒன்று முளைத்து வீட்டுத் தோட்டத்தில் மரமாயிற்று. மேரி ஆன் வளர்ந்தார், மணம் முடித்தார், அவ்வீட்டை விட்டுப் போனார், 1852 இல் இறந்தார்.

அவர் இறப்பதற்கு ஆறு வருடங்கள் முன்னர், 1846 இல், அந்த வீட்டையும் தோட்டத்தையும் மத்தியூ பிரம்லி என்ற இறைச்சிக்கடைக்காரர் வாங்கினார். மரமும் காணியோடு சேர்ந்து கைமாறியது. 1856 இல், ஹென்றி மெரிவெதர் என்ற பதினேழு வயது இளைஞன், அவ்வூரில் மரக்கன்றுகள் வளர்த்து விற்கும் குடும்பத்தைச் சேர்ந்தவன், அம்மரத்தின் காயைக் கண்டு வியந்து, ஒட்டுவதற்குக் கிளைகள் வெட்டிக்கொள்ள அனுமதி கேட்டான். பிரம்லி சம்மதித்தார். ஆனால் ஒரு நிபந்தனை விதித்தார்: அந்த அப்பிள் தன் பெயரால் வழங்கப்பட வேண்டும்.

நிபந்தனை நிறைவேற்றப்பட்டது. இன்றுவரை தோட்டக்கலைப் பட்டியல்களில் இந்த இனத்தின் முழுப்பெயர் 'பிரம்லியின் நாற்று' என்பதே. பிரம்லி அந்த விதையை ஊன்றவில்லை. நாற்றாக அதைக் கண்டதுமில்லை. அவர் அவ்வீட்டை வாங்கியபோது அது ஏறத்தாழ நாற்பது வயதான மரம். 'இன்' என்ற அந்த ஆறாம் வேற்றுமை உருபு குறிப்பதெல்லாம் ஓர் உறுதியை மட்டுமே: காணி உறுதியை.

மேரி ஆன் தன் மரம் உலகறிந்ததை அறியவில்லை. முதல் ஒட்டுக் கிளை வெட்டப்பட்டபோது அவர் இறந்து நான்கு வருடங்கள் கடந்துவிட்டன.

2

இவ்விடத்தில் விதைக்கும் ஒட்டுக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லவேண்டும். இதனை விளங்காமல் இக்கதையின் எஞ்சிய பகுதியை விளங்க முடியாது.

அப்பிள் விதையை ஊன்றினால் தாய்மரத்தின் பழம் கிடைக்காது. ஒரு பழத்துக்குள் இருக்கும் ஐந்தாறு விதைகளும் ஐந்தாறு வேறு மரங்களாகவே வரும். அவற்றுள் மிகப் பெரும்பாலானவை உண்ணத் தகாத காய்களையே தரும். நல்ல இனம் ஒன்றைப் பெருக்க வேண்டுமானால் அதன் கிளையை வேறொரு வேர்க்கட்டையில் ஒட்டுவதைத் தவிர வழியில்லை. எங்கள் ஊரில் கறுத்தக்கொழும்பான் மாமரத்தை ஒட்டிப் பெருக்குவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிய விடயமன்று.

ஆகவே உலகில் இன்று நிற்கும் ஒவ்வொரு பிரம்லி மரமும் சவுத்வெல்லின் அந்த ஒற்றை மரத்தின் நீட்சி. பிள்ளையோ பேரப்பிள்ளையோ அல்ல, அதே மரம். இடையிடையே இயல்பான மாற்றங்கள் நிகழ்ந்ததுண்டு. செந்நிறத் தோலுடைய பிரம்லி ஒன்றும் அவ்வாறு தோன்றியதே. எனினும் அடிப்படையில் இருநூறு வருடங்களாக ஓர் உயிர் கைக்குக் கை மாறி வந்திருக்கிறது. ஒவ்வொரு தலைமுறையிலும் கத்தியுடன் ஒருவர் வந்து, கிளையைச் சீவி, ஒட்டி, கட்டாமல் விட்டிருந்தால் அது முதல் மரத்தோடு முடிந்திருக்கும்.

இந்த இனத்துக்கு இன்னொரு தனித்தன்மையும் உண்டு. பெரும்பாலான அப்பிள் மரங்களின் கலங்களில் 34 நிறமூர்த்தங்கள் உள்ளன. பிரம்லியில் 51. இதனை மும்மடியம் என்பர். மரம் மிகப் பருமனாக, ஓங்கி வளரும். காய் பெரிதாக இருக்கும். ஆனால் அதன் மகரந்தம் பயனற்றது. பிறமரங்களைக் கருக்கட்டச் செய்ய அதனால் இயலாது. எனவே பிரம்லித் தோட்டம் போடுபவர் அருகில் வேறு இரண்டு இன மரங்களையாவது நடவேண்டும். அவ்விரண்டும் பிரம்லிக்கு மகரந்தம் கொடுப்பதோடு ஒன்றுக்கொன்றும் கொடுத்துக்கொள்ளும். தனியே நிற்கும் பிரம்லி மரம் நன்றாகக் காய்ப்பதில்லை.

3

மேரி ஆனை நாம் ஊர் நினைவின் வழியாகவே அறிகிறோம். ஒரு சிறுமி விதை ஊன்றுவதை எவரும் குறித்துவைப்பதில்லை. அதனாலேயே ஆண்டுகூடத் தளம்புகிறது. மெரிவெதரை அவருடைய கணக்கேட்டின் வழியாக அறிகிறோம். 1862 ஒக்ரோபர் 31 ஆம் திகதிக்கு எதிரே, அருகிலுள்ள அப்ரன் மாளிகையைச் சேர்ந்த ஜோர்ஜ் கூப்பர் என்பவருக்கு மூன்று பிரம்லி அப்பிள்கள் இரண்டு சிலிங்கிற்கு விற்கப்பட்டதாக அந்த ஏட்டில் பதிவு உண்டு. இந்த இனத்தின் முதலாவது விற்பனைப் பதிவு அது. 1876 டிசம்பர் 6 இல் றோயல் தோட்டக்கலைச் சங்கத்தின் பழக்குழு முன்னிலையில் அது வைக்கப்பட்டு உயர்ந்த பாராட்டைப் பெற்றது. அதுவும் பதிவு. 1884 இல் அறுபது மரங்கள் அயர்லாந்தின் ஆர்மா மாவட்டத்துக்குப் போயின. இன்று அங்கு விளையும் பிரம்லிக்கு, 2012 இலிருந்து, புவியியற் குறியீட்டுப் பாதுகாப்பும் உண்டு.

விற்பனைக்குத் திகதி இருக்கிறது. விதைப்புக்குத் திகதி இல்லை. வரலாற்று மாணவர்கள் பழக்கப்பட்டுப்போன ஒரு சமனின்மை இது. கணக்கேடு வைத்திருப்பவன் வரலாற்றுக்குள் நேராக நுழைகிறான். மற்றவர் எவராவது ஞாபகம் வைத்திருந்தால் மட்டுமே நுழைய முடியும். சவுத்வெல் ஊர்மக்கள் ஞாபகம் வைத்திருந்தார்கள்.

பெண் என்பதால்தான் மேரி ஆனின் பெயர் விடுபட்டது என்று சட்டென முடிவுகட்ட நான் தயங்குகிறேன். 1868 அளவில் அவுஸ்திரேலியாவின் சிட்னிக்கு அருகே ஒரு மூதாட்டியின் தோட்டத்தில் தானாக முளைத்த அப்பிள் அவர் பெயரையே பெற்றது. இன்று எல்லாக் கடைகளிலும் கிடைக்கும் பச்சை நிற 'கிரனி சிமித்' அதுதான். அவருடைய பெயர் மரியா ஆன் சிமித். ஏறத்தாழ அதே பெயர், அதே தற்செயல். 'கொக்ஸ்' என்ற புகழ்பெற்ற இனிப்பு அப்பிளும் தன்னை விதைத்தவரின் பெயரையே தாங்குகிறது. அவர் ஓய்வுபெற்ற மதுவடிப்பாளர். இவ்விருவருக்கும் மேரி ஆனுக்கும் உள்ள வேறுபாடு, அவர்களது மரம் பேசப்பட்டபோது அது அவர்களது நிலத்திலேயே நின்றது என்பதுதான். பெண் என்பதும் காணி என்பதும் இங்கு ஒன்றில் ஒன்று பின்னியுள்ளன. மணம் முடித்த பெண் பிறந்த வீட்டை விட்டுப் போகிறாள். அவள் ஊன்றியது அங்கேயே நிற்கிறது.

4

இந்தப் புளிப்பு அப்பிள் எவ்வாறு ஆங்கிலேயரின் வீட்டுப் பண்டமாயிற்று என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. பிரம்லியைப் பச்சையாகக் கடித்தால் பல் கூசும். அமிலம் மிகுதி, இனிப்புக் குறைவு. சூடேற்றினால் சதை கரைந்து பஞ்சுபோலாகும். சுட்ட பிறகும் அதன் சுவை மங்காமல் நிற்பது அந்த அமிலத்தாலேயே. ஆனால் உண்பதற்குச் சீனி வேண்டும். நிறைய வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரித்தானியாவின் உழைப்பாளர் வீடுகளில் சீனி தாராளமாக இருக்கவில்லை. நூற்றாண்டின் இறுதியில் அது அன்றாடப் பொருளாகிவிட்டது. சீனி மீதான இறக்குமதித் தீர்வை படிப்படியாகக் குறைந்து 1874 இல் முற்றாக நீக்கப்பட்டது. இரண்டு வருடங்களின் பின் பிரம்லி தோட்டக்கலைச் சங்கத்தின் மேசைக்கு வந்தது. ஒன்று மற்றதற்குக் காரணம் என்று நான் கூறவில்லை. ஆனால் மலிவுச் சீனி இல்லாத ஒரு நாட்டில் இவ்வளவு புளிப்பான காய்க்கு இவ்வளவு பெரிய சந்தை உருவாகியிருக்க முடியாது.

அந்தச் சீனியின் பின்னால் யார் இருந்தார்கள்? முதலில் கரீபியன் தீவுகளின் ஆபிரிக்க அடிமைகள். அடிமைமுறை ஒழிக்கப்பட்ட பின்னர், 1834 இலிருந்து மொறீசியசுக்கும், 1838 இலிருந்து பிரித்தானிய கயானாவுக்கும், 1860 இலிருந்து நேற்றாலுக்கும் கப்பலேற்றப்பட்ட இந்திய ஒப்பந்தக் கூலிகள். நேற்றாலுக்கான முதற் கப்பல் சென்னைத் துறைமுகத்திலிருந்தே புறப்பட்டது. கரும்புத் தோட்டங்களுக்குப் போன அந்தக் கூட்டத்தில் தமிழர் கணிசமாக இருந்தனர். நூற்றாண்டின் கடைசிப் பத்துகளில் பிரித்தானியா உண்ட சீனியில் பெரும்பங்கு ஐரோப்பியக் கண்டத்தின் பீற் கிழங்குச் சீனி என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். அந்தப் போட்டியே கரும்புச் சீனியின் விலையை விழுத்தியது. தோட்டக் கூலியையும் நசுக்கியது. ஆங்கிலக் கிராமத்தின் அப்பாவித்தனமான பண்டம் என்று படங்களில் காட்டப்படும் அப்பிள் பையின் ஓட்டுக்குள் இவ்வளவும் இருக்கிறது.

இருபதாம் நூற்றாண்டில் இன்னொரு பண்பு இந்த அப்பிளுக்குக் கைகொடுத்தது. பறித்த பின்னும் அப்பிள் சுவாசிக்கிறது. அந்தச் சுவாசத்தை மெதுவாக்கினால் நீண்ட நாள் வைத்திருக்கலாம். கேம்பிறிட்ஜில் பிராங்ளின் கிட், சிறில் வெஸ்ற் என்ற இரு ஆய்வாளர்கள் 1920 களில் இதனை ஆராய்ந்தனர். பிரம்லி அதிக குளிரைத் தாங்காது, உள்ளே பழுப்பேறிவிடும். எனவே குளிரை மட்டும் நம்பாமல், களஞ்சியத்தின் காற்றில் காபனீரொட்சைட்டின் அளவை உயர்த்தும் முறை அதற்குப் பொருந்தியது. 1929 இல் கென்ற் மாவட்டத்தில், கன்ரபரிக்கு அருகே, முதலாவது வணிக வாயுக் களஞ்சியம் கட்டப்பட்டது. அதில் வைக்கப்பட்டது பிரம்லி. செப்ரெம்பரில் பறித்த காயை நான் அடுத்த கோடையில் சீவிக்கொண்டு நிற்பதற்கு, அதாவது தொழிற்சாலையில் பருவமின்றி ஆண்டு முழுவதும் வேலை இருப்பதற்கு, அந்தக் கண்டுபிடிப்பும் ஒரு காரணம்.

5

மூலமரத்தின் கதையும் சுவையானது. 1900 இல் அது புயலில் சாய்ந்தது. விழுந்த மரத்திலிருந்து மீண்டும் தளிர்த்து எழுந்து நின்றது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பல தசாப்தங்கள் அவ்வீட்டில் வாழ்ந்த ஒரு பெண்மணி அதனைப் பேணினார். மரம் நலிவதைக் கண்டு, 1990 களில் நொட்டிங்ஹாம் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் அதிலிருந்து இழையம் எடுத்து, வேறு வேர்க்கட்டையில் ஒட்டாமல், தன் வேரிலேயே நிற்கும் கன்றுகளை இழைய வளர்ப்பு முறையால் உருவாக்கினர். 2016 இல், மரத்தின் வேர்களைத் தேன்காளான் எனப்படும் பங்கசு பற்றியிருப்பதாகவும், அது மெல்ல மடிந்துவருவதாகவும் செய்திகள் வந்தன. 2018 இல் நொட்டிங்ஹாம் ரென்ற் பல்கலைக்கழகம் வீட்டையும் மரத்தையும் பராமரிக்கும் பொறுப்பை ஏற்றது. அந்தப் பங்கசுக்கு மருந்தில்லை. மரத்தின் இறுதிக் காலத்தைக் கூடியவரை நீட்டுவதே நோக்கமாக இருந்தது.

ஒரு விடுமுறை நாளில் நொட்டிங்ஹாமிலிருந்து பேருந்து பிடித்து சவுத்வெல்லுக்குப் போனேன். உள்ளே போக எனக்கு அனுமதியோ அறிமுகமோ இருக்கவில்லை. தெருவில் சற்று நேரம் நின்றுவிட்டுத் திரும்பினேன். மரத்தைப் பார்க்கவில்லை என்று வருந்தவில்லை. பார்க்காத மரமல்ல அது. அன்றிரவும் வார்ப்பட்டியில் வந்துகொண்டிருந்தது.

6

இனி விவாதத்துக்கு வருவோம். பெயரை மாற்ற வேண்டுமா? மேரி ஆனின் பெயரால் இந்த அப்பிளை அழைக்க வேண்டுமா?

இரண்டு இலகுவான பதில்கள் உண்டு. பிரம்லி திருடிவிட்டார், பெயரைப் பறித்துக் கொடுப்போம் என்பது ஒன்று. பிரம்லியும் மெரிவெதரும் இல்லாவிட்டால் அந்த மரம் விறகாகியிருக்கும், ஆகவே பெயர் நியாயமே என்பது மற்றது. எனக்கு இரண்டிலும் உடன்பாடில்லை. விதை ஊன்றியது ஒரு குழந்தையின் தற்செயல். வேறு மரத்தின் மகரந்தத்தைக் கொண்டுவந்த பூச்சிக்கும் அதில் பங்குண்டு. 'தோற்றுவித்தவர்' என்று மேரி ஆனுக்குச் சிலை எழுப்பினால், ஒட்டிய கைகளை நாம் மறுபடியும் மறக்கிறோம். மெரிவெதரின் கன்றுத் தோட்டத்தில் கூலிக்கு ஒட்டுக் கட்டியவர்கள் யார்? ஆர்மாவிலும் கென்றிலும் காய் பறித்தவர்கள் யார்? அவர்கள் எவருடைய பெயரையும் நான் எங்கும் காணவில்லை. மறுபுறத்தில், இந்தச் சங்கிலியில் விதைக்காமல், ஒட்டாமல், பறிக்காமல் நிற்பவர் ஒருவர்தான். அவர் செய்தது அனுமதி கொடுத்தது. மறுத்திருக்கலாம், மறுக்கவில்லை. அந்த அளவுக்கு அவருக்கு நன்றி உண்டு. பெயர் முழுவதும் அவருக்குப் போனதே கேள்விக்குரியது.

என் கருத்தில், பெட்டியின் ஒட்டுத்தாளை மாற்றுவதில் பயனில்லை. எவர் எதைச் செய்தார் என்று தனித்தனியே சொல்லுவதே வரலாற்றாளன் செய்யக்கூடியது. ஊன்றியவர் ஊன்றியவராகவும், ஒட்டியவர் ஒட்டியவராகவும், உடைமையாளர் உடைமையாளராகவும் எழுதப்பட வேண்டும். புகலிடச் சஞ்சிகைகளின் வரலாற்றை எழுதும் நண்பர்களுக்கும் இதையே கூற விரும்புகிறேன். ஆசிரியர்களின் பெயர்களை அடுக்குகிறோம். தட்டச்சுச் செய்தவர், பக்கங்களை மடித்தவர், முத்திரை ஒட்டித் தபாலில் சேர்த்தவர், கூட்டத்துக்கு வந்த இருபது பேருக்குச் சமைத்தவர் ஆகியோரின் பெயர்கள் எங்கே? அவர்களில் பலர் பெண்கள். இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். கேட்டு எழுதலாம்.

இதை மற்றவர்களுக்குப் போதிக்கும் தகுதி எனக்கு உண்டா என்ற கேள்வியை நான் தவிர்க்க முடியாது. 1990 களின் முற்பகுதியில் யாழ்ப்பாணத்தில் என் முதுமாணி ஆய்வைச் செய்தேன். கோயில் கணக்கேடுகள்தான் மூலங்கள். மின்சாரம் இல்லை. பிரதியெடுக்கும் இயந்திரம் இயங்க வழியில்லை. ஏடுகளை ஓரிரு நாள்தான் இரவல் தருவார்கள். ஜாம் போத்தல் விளக்கின் வெளிச்சத்தில் பக்கம் பக்கமாக அவற்றைப் படியெடுத்தவர் என் துணைவியார். மங்கிய எழுத்துக்களை என்னைவிட அவரே நன்றாக வாசித்தார். என் வாசிப்பில் இருந்த பிழைகள் சிலவற்றைத் திருத்தியதும் அவர்தான். ஆய்வின் முன்னுரையில் மேற்பார்வையாளருக்கு நன்றி, நூலகருக்கு நன்றி, ஏடுகளைத் தந்த கோயில் நிர்வாகிகளுக்கு நன்றி. அவருடைய பெயர் இல்லை. அதே ஆண்டுகளில்தான், 1982 இலிருந்து வெளிவந்த அடித்தள மக்கள் ஆய்வுத் தொகுதிகளைப் படித்துவிட்டு, வரலாற்றில் மறைக்கப்பட்டோரைப் பற்றி மாணவர்களுக்கு விரிவுரை செய்தேன். நான் வேண்டுமென்று விடவில்லை. மத்தியூ பிரம்லியாவது வாய்திறந்து கேட்டுப் பெற்றார். எனக்கு அது கேட்காமலே கிடைத்தது.

இக்கட்டுரையின் கையெழுத்துப் பிரதியைத் துணைவியாரிடம் வாசிக்கக் கொடுத்தேன். முதியோர் இல்ல வேலை முடிந்து வந்தவர், தேநீரோடு இருந்து முழுவதையும் வாசித்தார். "அந்தப் பிள்ளைக்குப் பேர் வேணுமெண்டு இருந்திச்சோ தெரியாது. ஆனா ஆரும் கேட்டிருக்கலாம்" என்றார்.

நான் கேட்டேன். இந்தக் கட்டுரையில் உங்கள் பெயரைப் போடட்டுமா என்று.

"இதிலை வேண்டாம்" என்றார். "போடுறதெண்டா அந்த முன்னுரையிலை போடுங்கோ."

அந்த ஆய்வேட்டின் பிரதி யாழ்ப்பாணத்தில் ஒரு நூலக அலுமாரியில், கட்டப்பட்டு, என் பெயரை மட்டும் முதுகில் தாங்கியபடி இருக்கிறது. அதில் இனி எதையும் சேர்க்க முடியாது. எனவே விடுபட்டது என்பதையாவது இங்கே பதிந்து வைக்கிறேன்.